பின்னால் வந்து சேரும் இணைப்புகளில் மட்டும் பாப்-அப் ஏன் திறப்பதில்லை?

மதுரை விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடைக்காக நீங்கள் இணையப் பக்கம் அமைத்திருக்கிறீர்கள். பக்கம் திறந்தவுடன் தெரியும் பன்னிரண்டு சேலைகளில் எதைத் தொட்டாலும் அதன் பெரிய படம் பாப்-அப் சாளரத்தில் ஒழுங்காகத் திறக்கிறது. ‘மேலும் காட்டு’ பொத்தானை அழுத்திய பிறகு வந்து சேரும் சேலைகளைத் தொட்டால் மட்டும் பாப்-அப் திறக்காமல், உலாவி வெறும் படக் கோப்புக்கே போய்விடுகிறது. அதைச் சரிசெய்யப் பாப்-அப்பை அமைக்கும் ஃபங்ஷனை ஒவ்வொரு முறையும் திரும்ப அழைத்துப் பார்த்தீர்கள். புதிய சேலைகள் திறந்தன, ஆனால் பழையவற்றில் ஒரே கிளிக்குக்கு இரண்டு, மூன்று சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரத் தொடங்கிவிட்டன. இதற்கு என்ன வழி என்பதும், கைபேசியில் ‘பின்செல்’ பொத்தானை அழுத்தினால் பாப்-அப் மூடாமல் பக்கமே போய்விடுவதை எப்படித் தடுப்பது என்பதும், பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்த வடிவமைப்புத் தொகுப்புக்கு மாறலாமா என்பதும் உங்கள் கேள்விகள்.

புதிய இணைப்புகளில் எந்தக் கோளாறும் இல்லை. அவற்றைப் பற்றி உங்கள் நிரலுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பக்கம் ஏற்றப்பட்டதும் ‘குவரிசெலக்டர்ஆல்’ கொண்டு எல்லாச் சேலை இணைப்புகளையும் எடுத்து, அவை ஒவ்வொன்றிலும் ‘ஆட்ஈவென்ட்லிசனர்’ மூலம் ஒரு கிளிக் ஹேண்ட்லரை, அதாவது கிளிக் நிகழ்ந்ததும் ஓடும் ஃபங்ஷனை, பொருத்தியிருக்கிறீர்கள். அந்தத் தேடல் நடந்த நொடியில் பக்கத்தில் என்ன இருந்ததோ அதுதான் பட்டியல். ‘குவரிசெலக்டர்ஆல்’ தரும் பட்டியல் பிறகு தானாக வளராது. ‘கெட்எலிமென்ட்ஸ்பைகிளாஸ்நேம்’ தரும் பட்டியல் பக்கத்தோடு சேர்ந்து வளரும் என்பது உண்மைதான் என்றாலும், பட்டியல் வளர்வதால் புதிதாகச் சேர்ந்த உறுப்புக்கு ஹேண்ட்லர் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. ஆகவே அதற்கு மாறினாலும் பயன் கிடையாது. சர்வரிலிருந்து பின்னால் வந்த இணைப்பு சாதாரண இணைப்பாகவே இருக்கிறது, சாதாரண இணைப்பு செய்யும் வேலையைச் செய்து தன் முகவரிக்குப் போகிறது.

இதை நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை, ஒரு நிமிடத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். குரோமில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, பழைய இணைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ‘ஈவென்ட் லிசனர்ஸ்’ என்ற தாவலைப் பாருங்கள். அங்கே கிளிக் என்ற வரி இருக்கும். ‘ஆன்செஸ்டர்ஸ்’ என்ற குறியை நீக்கிவிட்டுப் பார்த்தால்தான் அந்த உறுப்பிலேயே பொருத்தப்பட்டவை மட்டும் தெரியும், இல்லையென்றால் மேலுள்ள பெற்றோர் உறுப்புகளின் ஹேண்ட்லர்களும் கலந்து வந்து குழப்பும். பிறகு புதிய இணைப்பைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் அந்த வரி இருக்காது. கன்சோலில் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே பிழையே நிகழவில்லை என்பதால் செய்தி வருவதற்கும் இடமில்லை. இருந்தாலும், கிளிக் செய்தவுடன் பக்கம் மாறிவிடுவதால் கன்சோலில் வந்த செய்தியும் அதோடு அழிந்துவிடும் என்பதை நினைவில் வைத்து, ‘ப்ரிசர்வ் லாக்’ என்பதைக் குறியிட்டுவிட்டுச் சோதிப்பது நல்லது. ஹேண்ட்லர் ஓடத் தொடங்கிப் பாதியில் பிழையோடு நின்றிருந்தால், அப்போதும் வெளியே தெரிவது இதே அறிகுறிதான். இரண்டையும் பிரித்தறிய இதுவும் உதவும்.

நீங்கள் கையாண்ட தற்காலிக வழியைப் பலரும் கையாள்கிறார்கள், சிறிய பக்கத்தில் அது தற்செயலாக வேலையும் செய்யும். ஆனால் அமைக்கும் ஃபங்ஷனை மறுபடி அழைக்கும்போது அது எல்லா இணைப்புகளையும் மறுபடி தேடி எடுக்கிறது. பழைய பன்னிரண்டுக்கும் இரண்டாவது ஹேண்ட்லர் ஏறிவிடுகிறது. ஒரே பெயருள்ள ஒரே ஃபங்ஷனை அதே நிகழ்வுக்கு அதே உறுப்பில் இரண்டு முறை ‘ஆட்ஈவென்ட்லிசனர்’ மூலம் கொடுத்தால் உலாவி இரண்டாவதைப் புறக்கணித்துவிடும். ஆனால் நீங்கள் கொடுப்பது அந்த இடத்திலேயே எழுதிய பெயரில்லா ஃபங்ஷன். ஒவ்வொரு அழைப்பிலும் அது புதிதாக உருவாகிறது, அதனால் உலாவிக்கு அது வேறு ஃபங்ஷன். ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஜேக்வரியில் இந்தப் பாதுகாப்பும் கிடையாது, ஒரே ஃபங்ஷனை மூன்று முறை கொடுத்தால் மூன்று முறையும் ஓடும். ‘ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது’ என்று ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு அடையாளம் வைத்து இதைத் தவிர்க்கலாம் என்றாலும், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நாளை தேடல் வசதியும் வண்ணவாரி வடிகட்டலும் சேர்த்தால், இணைப்புகள் பக்கத்துக்குள் வரும் வாசல்கள் மூன்றாகிவிடும். அவற்றில் ஏதாவது ஒன்றில் அந்த ஃபங்ஷனை அழைக்க நிச்சயம் விட்டுப்போகும்.

சரியான வழி, ஹேண்ட்லரை இணைப்புகளில் பொருத்தாமல், அவற்றையெல்லாம் உள்ளடக்கி நிற்கும், எப்போதும் மாறாத பெற்றோர் உறுப்பில் ஒரே ஒரு முறை பொருத்துவதுதான். ஒரு உறுப்பைக் கிளிக் செய்யும்போது அந்த நிகழ்வு ஆவணத்தின் உச்சியிலிருந்து கீழிறங்கி அந்த உறுப்பை அடைந்து, பிறகு ஒவ்வொரு பெற்றோராகத் தொட்டுக்கொண்டு மேலேறிப் போகிறது. 2000ஆம் ஆண்டு வெளியான டாம் (பக்கத்தின் உறுப்புகளை நிரல் அணுகும் அமைப்பு) இரண்டாம் நிலை நிகழ்வுத் தரக்குறிப்பிலிருந்தே இந்த ஒழுங்கு உண்டு. பெரிய ஜவுளிக்கடையில் எந்த மாடியில் எடுத்த துணியும் பில் போடும் மேசையைத் தாண்டாமல் வெளியே போக முடியாது அல்லவா? மேசையில் இருப்பவருக்கு இன்று காலை எந்தப் புதுச் சரக்கு வந்தது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சேலைகளைத் தாங்கும் பட்டியல் உறுப்பில் காத்திருக்கும் ஹேண்ட்லரும் அப்படித்தான், கிளிக் நிகழும்போது மட்டும் அது எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று பார்த்தால் போதும்.

எழுதும் முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். நிகழ்வின் ‘டார்கெட்’ என்பது விரல் பட்ட மிக உள்ளே இருக்கும் உறுப்பு; உங்கள் இணைப்புக்குள் படமும் அதன் கீழே சேலைப் பெயரும் விலையும் இருப்பதால், டார்கெட் பெரும்பாலும் படமாகவோ விலையைத் தாங்கும் ஸ்பானாகவோதான் இருக்கும், இணைப்பாக இருக்காது. ஆகவே ‘டார்கெட் ஓர் இணைப்பா?’ என்று நேரடியாகச் சோதித்தால் ஓரத்துக் காலியிடத்தைத் தொடும்போது மட்டும் பாப்-அப் திறந்து, படத்தைத் தொடும்போது திறக்காது. டார்கெட்டின்மேல் ‘குளோசஸ்ட்’ என்ற முறையை அழைத்து, சேலை இணைப்புக்குரிய கிளாஸ் பெயரை, முன்னால் ஒரு புள்ளி வைத்து, கொடுங்கள். அது அந்த உறுப்பிலிருந்து மேல்நோக்கி நடந்து முதலில் பொருந்தும் இணைப்பைத் தரும், இல்லையென்றால் ‘நல்’, அதாவது எதுவுமில்லை என்ற மதிப்பை, தரும். நல் வந்தால் எதுவும் செய்யாமல் திரும்பிவிட வேண்டும். இணைப்பு கிடைத்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், மேக்கின் கமாண்ட் விசைகளில் ஏதாவது அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அழுத்தப்பட்டிருந்தால் உலாவியின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். புதிய தாவலில் திறக்க நினைப்பவரைப் பாப்-அப்பில் பிடித்து நிறுத்துவது முறையல்ல. இவையெல்லாம் தாண்டிய பிறகு, உலாவியின் வழக்கமான செயலைத் தடுக்கும் ‘ப்ரிவென்ட்டிஃபால்ட்’ அழைத்து, பாப்-அப்பைத் திறக்கலாம். அதை அழைக்கும் வரி, பாப்-அப்பைத் திறக்கும் வரிக்கு முன்னால் இருக்கட்டும். திறக்கும் வேலையில் பிழை வந்தாலும் பக்கம் மாறாமல் நிற்கும், பிழைச் செய்தியும் கண்ணில் படும்.

பெற்றோராக எதைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் யோசனை வேண்டும். பட்டியலின் உள்ளடக்கத்தை மாற்றுவதால் பட்டியலில் பொருத்திய ஹேண்ட்லர் போகாது. பட்டியலையே மாற்றினால் போய்விடும். வண்ண வடிகட்டலின்போது சர்வரிலிருந்து பட்டியல் முழுவதையும் புதிதாக வாங்கி ஒட்டுவதாக இருந்தால், அதற்கும் ஒரு படி மேலே உள்ள, ஒருபோதும் மாற்றப்படாத உறுப்பில் பொருத்துங்கள். எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் ஆவணத்தின் உச்சியிலேயே பொருத்துவோரும் உண்டு, வேலை செய்யும். ஆனால் இடைப்பட்ட எந்த உறுப்பாவது நிகழ்வைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதில் அதிகம்.

நீங்கள் ஜேக்வரியிலும் முயன்று பார்த்ததால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய பதில்களில் ‘லைவ்’ என்ற முறையைப் பயன்படுத்தச் சொல்லியிருப்பார்கள். அது 2009இல் வெளிவந்த 1.3 பதிப்பில் சேர்க்கப்பட்டு, 2013இல் 1.9 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. 2011இன் 1.7 பதிப்பு முதல் ‘ஆன்’ என்ற ஒரே முறைதான் எல்லாவற்றுக்கும். அதிலும் இரண்டு வடிவங்கள் உண்டு: நிகழ்வின் பெயரையும் ஃபங்ஷனையும் மட்டும் கொடுத்தால் அது பழையபடி நேரடிப் பொருத்தம், இடையில் இணைப்புக்குரிய செலக்டரையும் (எந்த உறுப்பு என்று குறிக்கும் உரை) கொடுத்து, பெற்றோர் உறுப்பின்மேல் அழைத்தால்தான் நான் மேலே சொன்ன முறை. ‘ஆன் பயன்படுத்தியும் வேலை செய்யவில்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பதற்குக் காரணம், முதல் வடிவத்தைப் பயன்படுத்தியதுதான்.

இனி, ஹேண்ட்லரைச் சரியான இடத்தில் வைத்த பிறகும் வரக்கூடிய தொல்லைகள். புதிய சேலைகளைச் சேர்க்கும் வரியில், பட்டியலின் ‘இன்னர்ஹெச்டிஎம்எல்’ (உள்ளடக்கத்தின் ஹெச்டிஎம்எல் உரை) உடன் கூட்டல் சமன் குறி போட்டுப் புதிய உரையை ஒட்டுவோர் உண்டு. பார்ப்பதற்குக் கடைசியில் சேர்ப்பது போல இருந்தாலும், உலாவி பழைய பட்டியல் முழுவதையும் உரையாக மாற்றி, புதியதைக் கூட்டி, எல்லாவற்றையும் மறுபடி உறுப்புகளாகக் கட்டுகிறது. பழைய உறுப்புகள் தூக்கியெறியப்பட்டு அதே தோற்றத்தில் புதியவை வருகின்றன, அவற்றில் நேரடியாகப் பொருத்திய எல்லாம் அதோடு போய்விடும். ஆகவே கூட்டல் சமனை விட்டுவிட்டு ‘இன்சர்ட்அட்ஜேசன்ட்ஹெச்டிஎம்எல்’ முறையில் ‘பிஃபோர்எண்ட்’ என்று கொடுங்கள், பழையவை தொடப்படாமல் இருக்கும். சேலையின் பெயரைக் கடைக்காரர் தட்டச்சு செய்வதால், அதை உரையோடு ஒட்டாமல் ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ மூலம் வைப்பதே பாதுகாப்பு. இவ்வாறு ஒட்டப்படும் உரைக்குள் ஸ்கிரிப்ட் குறி இருந்தால் அது ஓடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; சர்வர் அனுப்பும் துண்டிலேயே ஹேண்ட்லரையும் எழுதி அனுப்பலாம் என்ற யோசனை அதனால்தான் பலிப்பதில்லை.

அடுத்தது, படங்களை நகர்த்திக் காட்டும் ஸ்லைடர். அதன் உள்ளே இருக்கும் சேலைகளை மட்டும் தொட்டால் பாப்-அப் வரவில்லை என்றால், விரல் இழுப்பைக் கவனிப்பதற்காக அந்த ஸ்லைடர் ‘ஸ்டாப்ப்ராபகேஷன்’ அழைத்து நிகழ்வை மேலேற விடாமல் நிறுத்துகிறது என்று சந்தேகிக்கலாம். அதன் அமைப்புகளில் மாற்ற வழியில்லை என்றால், உங்கள் ஹேண்ட்லரைப் பொருத்தும்போது மூன்றாவதாக ‘ட்ரூ’ என்று கொடுத்தால், நிகழ்வு கீழிறங்கும் கட்டத்திலேயே, ஸ்லைடரை அடைவதற்கு முன்பே, அது உங்கள் கைக்கு வந்துவிடும். ஜேக்வரியின் ‘ஆன்’ முறையில் இது முடியாது, நேரடியாக எழுத வேண்டும்.

திறக்கவே இல்லை என்று தோன்றும் வேறொரு நிலை உண்டு. உண்மையில் பாப்-அப் திறந்து அதே நொடியில் மூடிக்கொள்கிறது. வெளியே எங்கே தொட்டாலும் மூட வேண்டும் என்பதற்காக ஆவணத்தில் ஒரு ஹேண்ட்லர் வைத்திருப்போம். பட்டியலில் வந்த கிளிக் பாப்-அப்பைத் திறந்துவிட்டு மேலேறி ஆவணத்தை அடையும்போது, அந்த இரண்டாவது ஹேண்ட்லர் ‘பாப்-அப் திறந்திருக்கிறது, கிளிக் அதற்கு வெளியே நிகழ்ந்திருக்கிறது’ என்று முடிவு செய்து மூடிவிடுகிறது. கண்ணுக்கு எதுவும் நடக்காதது போலவே இருக்கும். இதற்கு நிகழ்வைத் தடுத்து நிறுத்துவதைவிட, வெளிக்கிளிக்கை ஆவணத்தில் கேட்காமல் பாப்-அப்பின் பின்திரையிலேயே கேட்பது சுத்தமான தீர்வு. உலாவியிலேயே உள்ள ‘டயலாக்’ உறுப்பைப் பயன்படுத்தினால் இந்த வேலையில் பாதி குறையும்: 2022 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 98உம் சஃபாரி 15.4உம் அதை ஏற்ற பிறகு தயங்கக் காரணமில்லை. ‘ஷோமோடல்’ அழைத்தால் அது மற்ற எல்லாவற்றுக்கும் மேலுள்ள அடுக்கில் தோன்றும், எஸ்கேப் விசைக்கு மூடும், மூடியதும் ஃபோகஸ் முன்பிருந்த இணைப்புக்கே திரும்பும். பின்திரையைத் தொட்டால் நிகழ்வின் டார்கெட் டயலாக் உறுப்பாகவே இருக்கும். டயலாக்கின் உள்ளிடைவெளியைச் சுழியமாக்கி, உள்ளே ஒரு டிவ் வைத்துவிட்டால், டார்கெட் டயலாக்கா என்று பார்ப்பது ஒன்றே மூடுவதற்குப் போதும். இப்போது நீங்கள் பயன்படுத்தும் டிவ்வில், எது மேலே தெரியும் என்பதைக் குறிக்கும் இசட்-இண்டெக்ஸ் எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் தலைப்புப் பட்டைக்குக் கீழே போய்விடுகிறது என்ற உங்கள் துணைப் புகாருக்கும் இதுவே விடை.

பாப்-அப் ஒவ்வொரு சேலைக்கும் ஒன்றாக இருக்க வேண்டாம். ஒரே டயலாக்கை வைத்து, தொட்ட இணைப்பின் டேட்டா பண்புகளிலிருந்து படத்தையும் விலையையும் நிரப்புங்கள். இப்போதுள்ள அமைப்பில் சர்வர் அனுப்பும் ஒவ்வொரு தொகுதியிலும் பாப்-அப்பின் ஐடி மறுபடி வருகிறது; ஒரே ஐடி பலவற்றுக்கு இருந்தால் ‘கெட்எலிமென்ட்பைஐடி’ முதலாவதையே தரும், அதனால்தான் சில நேரம் வேறு சேலையின் விவரம் திறக்கிறது. ஜேக்வரியின் ‘டேட்டா’ முறை முதலில் படித்த மதிப்பை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், தள்ளுபடியில் விலைப் பண்பை மாற்றிய பிறகும் பாப்-அப் பழைய விலையையே காட்டக்கூடும். ‘அட்ர்’ முறையில் படித்தால் அந்த வில்லங்கம் இல்லை. விவரத்தைக் கிளிக்குக்குப் பிறகு சர்வரிலிருந்து வாங்குவதாக இருந்தால், ஒரு சேலையைத் தொட்டுவிட்டு உடனே அடுத்ததைத் தொடுபவருக்கு முதல் சேலையின் பதில் தாமதமாக வந்து இரண்டாவதன்மேல் எழுதிவிடும். புதிய கிளிக் வந்ததும் பழைய கோரிக்கையை ‘அபார்ட்கன்ட்ரோலர்’ கொண்டு ரத்து செய்யுங்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கைபேசி டேட்டா திணறும் நேரத்தில்தான் இது வெளிப்படும், உங்கள் மேசையில் வெளிப்படாது. டெவலப்பர் கருவிகளில் இணைய வேகத்தைக் குறைத்து வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

அதே வேகக் குறைவில் இன்னொன்றும் தெரியவரும்: ஸ்கிரிப்ட் வந்து சேர்வதற்கு முன் தொட்டால், முதல் பன்னிரண்டு சேலைகளும் படக் கோப்புக்கே போகும். இதை முழுவதும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். இணைப்பின் முகவரியைப் படக் கோப்பாக வைக்காமல் அந்தச் சேலைக்குரிய தனிப் பக்கமாக வையுங்கள். சுங்குடி வாங்க வருபவர் புள்ளிகள் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியவையா, அச்சில் விழுந்தவையா என்று பெரிதாக்கிப் பார்க்கத்தான் பாப்-அப்பைத் தேடுகிறார். அந்தப் பெரிய படம் தனிப் பக்கத்திலும் இருந்துவிட்டால் அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை, வாட்ஸ்அப்பில் வீட்டாருக்கு அனுப்பவும் ஒரு முகவரி கிடைக்கும்.

பூட்ஸ்ட்ராப்புக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதன் மோடல் (பாப்-அப்) ஆவண மட்டத்தில் கிளிக்கைக் கேட்பதால் பின்னால் சேரும் இணைப்புகளுக்கும் தானாக வேலை செய்யும். ஆனால் நான்காம் பதிப்பில் ‘டேட்டா-டாகிள்’ என்றிருந்த பண்பு ஐந்தாம் பதிப்பில் ‘டேட்டா-பிஎஸ்-டாகிள்’ ஆகிவிட்டது. பழைய எடுத்துக்காட்டைப் பிரதி எடுத்து ஒட்டினால் பிழைச் செய்தியே இல்லாமல் சும்மா இருக்கும். ஒரே ஒரு பாப்-அப்புக்காக அவ்வளவு பெரிய தொகுப்பை ஏற்றுவது தேவையற்றது என்பது என் கருத்து.

பின்செல் பொத்தானுக்கு வருவோம். பாப்-அப் திறப்பது உலாவியின் வரலாற்றில் பதிவாவதில்லை, ஆகவே பின்செல் என்றால் முந்தைய பக்கத்துக்குப் போவது என்றே அது புரிந்துகொள்கிறது. பாப்-அப்பைத் திறக்கும்போது ‘ஹிஸ்டரி’யின் ‘புஷ்ஸ்டேட்’ அழைத்து ஒரு பதிவைச் சேர்த்து, உலாவிச் சாளரத்தின் ‘பாப்ஸ்டேட்’ நிகழ்வில் டயலாக்கை மூடுங்கள். மூடு பொத்தானையோ பின்திரையையோ தொடும்போது டயலாக்கை நேரடியாக மூடாமல் ‘ஹிஸ்டரி’யின் ‘பேக்’ முறையை அழைத்தால், அதுவும் பாப்ஸ்டேட் வழியாகவே வந்து மூடும், சேர்த்த பதிவும் மிஞ்சாது. எஸ்கேப் விசை இந்த வழியைத் தாண்டி மூடிவிடும் என்பதால், டயலாக்கின் ‘கேன்சல்’ நிகழ்வில் ப்ரிவென்ட்டிஃபால்ட் அழைத்து அதையும் பேக் முறைக்கே திருப்பிவிடுங்கள். புஷ்ஸ்டேட்டுக்கு மூன்றாவதாக அந்தச் சேலைப் பக்கத்தின் முகவரியைக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால், பாப்-அப் திறந்திருக்கும்போது பக்கத்தைப் புதுப்பிப்பவருக்குத் தனிப் பக்கம் திறக்கும், அதற்குச் சர்வரில் அந்தப் பக்கம் உண்மையிலேயே இருக்க வேண்டும்.